புதுச்சேரியில் பழைய வீட்டு உணவகம்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

புதுச்சேரியில் பழைய வீட்டைப் புதுப்பித்து நடத்தும் உணவகங்களுக்குப் போய்விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டைக் குறை சொல்வதில்லை. இடம் கிடைக்கவில்லை, வெயில் மண்டையைப் பிளந்தது, அம்மாவால் மாடி ஏற முடியவில்லை, சாப்பாடு வர நேரமாகிவிட்டது என்றுதான் புலம்புவார்கள். ஒரு குடும்பம் வாழ்வதற்காகக் கட்டிய வீட்டுக்குள் இப்போது ஊர்பட்ட பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எத்தனை மேஜை போடலாம், அடுப்படி எவ்வளவு பெரிது, கழிப்பறை எந்த மூலையில் இருக்கும் என்பதையெல்லாம் முதலாளி முடிவு செய்யவில்லை, வீடு முடிவு செய்கிறது. இது தெரியாமல் ஹைவே ஓட்டலுக்குள் நுழைவதுபோல் நுழைவதுதான் எல்லாத் தவறுக்கும் ஆரம்பம்.

முதலில் நேரம். சனி, ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த கூட்டம் முழுக்க அந்த நேரத்தில் அதே நான்கைந்து வீதிகளில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு மேஜைக்கு மேல் போட முடியாத வீடுகளே அதிகம். ஒரு மேஜையில் உட்கார்ந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்க மாட்டார்கள், எழுப்பவும் மாட்டார்கள். ஏழு மணிக்கே போய்விடுங்கள். இல்லையென்றால் வார நாளில் மதியம் போங்கள், அதுதான் என் கட்சி. அப்போது பரிமாறுபவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும், வீட்டையும் நிதானமாகப் பார்க்கலாம்.

மதியம் என்றால் மூன்று மணிக்குப் போய் நிற்கலாம் என்று அர்த்தம் இல்லை. இந்த மாதிரி இடங்களில் பலவும் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் சமையலறையை மூடிவிடும். கடற்கரை, ஆசிரமம், மணக்குள விநாயகர் கோயில் எல்லாம் பார்த்துவிட்டு, குழந்தைகள் பசியில் சிணுங்கச் சிணுங்க மூன்றேகாலுக்கு வந்தால், "காபி, கேக் மட்டும்தான் சார் இருக்கு" என்பார்கள். எத்தனை மணி வரை ஆர்டர் எடுப்பார்கள் என்று காலையிலேயே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

அந்த போனிலேயே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: எங்கே உட்கார வைப்பீர்கள்? பலர் இதைக் கேட்பதே இல்லை. புதுச்சேரியில் இரண்டு விதமான பழைய வீடுகள் உண்டு. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருப்பவை பிரெஞ்சு வீடுகள். தெருவிலிருந்து பார்த்தால் உயரமான மதிலும் கேட்டும்தான் தெரியும், திறந்தவெளியும் தோட்டமும் உள்ளே ஒளிந்திருக்கும். சுஃப்ரேன் வீதியில் இருக்கும் வில்லா சாந்தி என்ற விடுதி உணவகம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வாய்க்காலுக்கு மேற்கே தமிழ் வீடுகள். திண்ணை, நடை, அதைத் தாண்டினால் மரத்தூண்கள் சூழ்ந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். பெருமாள் கோயில் வீதியிலுள்ள மேசோன் பெருமாள் விடுதி அந்த வகை. கீழே தமிழ், மாடியில் வளைவு ஜன்னலும் பிரெஞ்சுத் தூண்களுமாகக் கலந்து கட்டிய வீடுகளும் உண்டு. பொழுது இருந்தால் சாப்பிடப் போகும் முன் வைசியாள் வீதியில் ஒரு நடை போய்ப் பாருங்கள். அந்த வீதியை மீட்டெடுத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஒரு வீட்டின் திண்ணை அடுத்த வீட்டின் திண்ணையோடு சேர்ந்துகொண்டு தெரு நெடுக எப்படி ஓடுகிறது என்பது அங்கே புரியும்.

எந்த வகை வீடாக இருந்தாலும் போட்டோவில் அழகாகத் தெரிவது முற்றம்தான். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். மே மாதம் மதியம் ஒரு மணிக்கு முற்றத்தின் நடுவில் உட்கார்ந்தால் சூரியன் நேராக உச்சந்தலையில் நிற்கும். மேலே துணி கட்டியிருந்தாலும் தரையும் சுவரும் கொதிக்கும். இரவு எட்டு மணிக்கும் அந்தச் சுவர்கள் பகலில் வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். நாற்புறமும் அடைத்த முற்றத்துக்குள் கடற்காற்று நாம் நினைப்பதுபோல் வந்து வீசாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேறு கதை. நல்ல மழை பிடித்தால் முற்றத்து மேஜைகள் அத்தனையும் கணக்கிலிருந்து போய்விடும், முன்பதிவு செய்தவர்களையே உள்ளே நெருக்கித்தான் உட்கார வைப்பார்கள். செடிகொடி நிறைந்த இடத்தில் கொசு இருக்கும், அதற்கு யாரையும் நொந்து பயனில்லை. முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கொசுவிரட்டி கேளுங்கள், வைத்திருப்பார்கள்.

நான் எப்போதும் கேட்பது தாழ்வாரத்து மேஜை. தலைக்கு மேல் ஓடு அல்லது கூரை இருக்கும், மின்விசிறி இருக்கும், முற்றம் கண்ணெதிரே இருக்கும். மழை வந்தால் அது முற்றத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். தாழ்வாரத்திலும் அடுப்படிக் கதவை ஒட்டிய மேஜையைத் தவிர்த்துவிடுங்கள், ஆள் நடமாட்டம் ஓயாது.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று நான்கு படி, கைப்பிடி இருக்காது. அப்புறம் வாசற்படி. பழைய நிலைப்படியைக் காலைத் தூக்கி வைத்துத்தான் தாண்ட முடியும், நிலையின் உயரமோ குறைவு, உயரமானவர் தலையைக் குனிய வேண்டும். தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு இறங்க ஒரு படி, மங்கலான வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. மாடிப்படி செங்குத்தாக ஏறும். கழிப்பறை வழக்கம்போல வீட்டின் கொல்லைப்புறத்தில். முட்டி வலிக்கும் பாட்டியோடு வந்து இறங்கிய பிறகு, "மாடியிலதான் டேபிள் இருக்கு" என்று கேட்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை. பாட்டி "நான் வண்டியிலேயே இருக்கேன்டா, நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க" என்பார், அதோடு அன்றைய விருந்து முடிந்தது. கீழ்த்தளம், கழிப்பறைக்குப் பக்கம், சக்கர நாற்காலிக்கு வழி உண்டா என்று மூன்றையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள். வழி இல்லை என்றால் நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியை உணவக வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். வீதிகள் குறுகல். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால், அந்த நெரிசலும் உள் வீதிகளுக்குத்தான் வரும். கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். உடையைப் பற்றிக் கவலை வேண்டாம், பருத்திச் சட்டையும் செருப்பும் போதும்.

சரி, சாப்பாடு. மெனுவில் பீட்சாவும் பன்னீர் பட்டர் மசாலாவும் நிச்சயம் இருக்கும், யாரையும் விட்டுக்கொடுக்க முடியாதே என்று போட்டு வைத்திருப்பார்கள். புதுச்சேரி வரை வந்து அதைச் சாப்பிடுவது அவரவர் இஷ்டம். இங்கே தேட வேண்டியது, பிரெஞ்சுக்காரர்களோடு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் அடுப்படியில் உருவான கிரியோல் சமையல். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம் சேர்த்து உருட்டி வெயிலில் காயவைத்த வடகத்தின் வாசனை, நிறையத் தேங்காய்ப்பால், காரம் அளவாக. இதைச் சாப்பிட்டுவிட்டு "காரமே இல்லை, உப்புச் சப்பில்லை" என்று தட்டைத் தள்ளுகிறவர்கள் உண்டு. செட்டிநாட்டுக் குழம்பை எதிர்பார்த்து வந்தவர்களின் ஏமாற்றம் அது. நாக்கு அந்த எதிர்பார்ப்பை விட்டுக்கொடுக்க இரண்டு கவளம் ஆகும்.

மீன் கேட்பவர்கள் காலண்டரைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் சிறு படகுகள் கொண்டுவரும் மீன்தான் புதிது. மற்றது வெளியிலிருந்து வந்ததாக இருக்கும், அல்லது ஐஸில் இருந்ததாக இருக்கும். "இன்னைக்கு வந்த மீன் எது?" என்று கேட்டால் நல்ல இடத்தில் சரியான பதில் வரும். மெனுவில் இருக்கும் எல்லா மீனும் இருக்கிறது என்று தயங்காமல் சொன்னால், நான் கோழிக்குப் போய்விடுவேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் செய்வது இங்கே பெரிய ஆபத்து. வெங்காய சூப் என்றால் வெங்காயம்தானே என்று தோன்றும், பிரெஞ்சு முறைப்படி அது மாட்டெலும்பை வேகவைத்து எடுத்த ஸ்டாக் என்ற சாற்றில் செய்வது. காளான் சாஸில் ஒயின் ஊற்றியிருக்கலாம். மயோனைஸில் முட்டை, சாக்லேட் மூஸில் முட்டை, சில இனிப்புகளில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். இறக்குமதியான உண்மையான பார்மேசான் சீஸ், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்து உறைய வைப்பது. "வெஜ்தானே?" என்று கேட்டால் "ஆமாம் சார்" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் மேலே இறைச்சித் துண்டு இல்லை. "ஸ்டாக் எதில் செய்தது, முட்டை உண்டா, ஒயின் உண்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்வார். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களுக்கும் இதே பாடம்தான். புதுச்சேரி மெனுக்களில் இரண்டும் சாதாரணம்.

ஆறு பேர் போய் பன்னிரண்டு ஐட்டத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்று காத்திருப்பது நம் வழக்கம். சின்ன அடுப்படியில் அது நடக்காது. ஒருவர் தட்டு வந்து ஆறிக்கொண்டிருக்கும், இன்னொருவர் தட்டு வந்திருக்காது. தொடக்கத்துக்கு இரண்டு மூன்றைச் சொல்லி நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள், அது வந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். முதன்மை உணவு ஒரு ஆளுக்கென்று தட்டில் அடுக்கி வருவது, கிண்ணத்தில் வரும் குழம்புபோல் பகிர வராது. பகிர்வதென்றால் முன்பே சொன்னால் அடுப்படியிலேயே பிரித்துத் தருவார்கள். ஸ்டேக் என்ற கனத்த இறைச்சித் துண்டை நன்றாக வேகவைக்கச் சொல்லிவிட்டு "ரப்பர் மாதிரி இருக்கு" என்பதில் நியாயமில்லை. இறைச்சி உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது பிடிக்காதென்றால் மெதுவாக வேகும் ஸ்டூ வகையைக் கேளுங்கள்.

சத்தத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சுண்ணாம்புச் சுவர், கல் தரை, உயரமான கூரை: ஒரு மேஜையில் சிரித்தால் நான்கு மேஜைக்குக் கேட்கும். பல வீடுகளில் மாடியில் விருந்தினர் அறைகள் இருக்கும். தூண் தூணாகச் சாய்ந்து ரீல்ஸ் எடுப்பவர்கள், மாடியில் யார் அறைக்கு முன்னால் நிற்கிறோம் என்றே பார்ப்பதில்லை. வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஏறி போஸ் கொடுப்பது இன்னும் மோசம், அது யாரோ குடியிருக்கும் வீடு. வீட்டைப் பார்க்க ஆசை என்றால் மதியச் சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் கேளுங்கள். மகிழ்ச்சியாகச் சுற்றிக் காட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அப்படிக் காட்டும்போது சொல்லும் வயதை மட்டும் அப்படியே விழுங்க வேண்டாம். 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதே தெருக்கோடுகள் மேல் மறுபடி கட்டினார்கள். ஆகவே வெள்ளை நகரத்தில், அதாவது வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுப் பகுதியில், 'முந்நூறு ஆண்டு வீடு' என்றால் புன்னகையோடு தலையாட்டிவிட்டு அண்ணாந்து பாருங்கள். மரச்சட்டங்களின் மேல் சன்னமான செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பால் பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை தெரிந்தால் பழைய வேலை. மஞ்சள் பெயின்ட்டும் பொய்த்தூணும் மட்டும் இருந்தால் அது வேறு சமாச்சாரம். சாப்பாடு நன்றாக இருந்தால் அதுவும் குற்றமில்லை.

பில் வந்ததும் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். இதே உணவகம் நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைகள் கொண்ட விடுதிக்குள் இருந்தால் 18 சதவீதம். பழைய வீட்டு உணவகங்கள் பல இப்படி விடுதியோடு சேர்ந்தவை என்பதால், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒரே விலைக்கு இரண்டு விதமான பில் வரலாம். அது ஏமாற்று இல்லை. சேவைக் கட்டணம் வேறு விஷயம்: அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எடுக்கச் சொன்ன கையோடு, நன்றாகக் கவனித்த பையனுக்கு ரொக்கமாக ஏதாவது கொடுத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் போட்டிருந்தால் சண்டை வேண்டாம். உட்கார வைத்துப் பரிமாறும் இடத்தில் அதற்கு இடமுண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017இலேயே சொல்லிவிட்டது. முதலிலேயே சாதாரணத் தண்ணீர் கேட்டால் முடிந்தது.

மது அருந்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரியில் சரக்கு மலிவு என்பது கடைக்குத்தான் பொருந்தும், இந்த வீடுகளின் விலைப்பட்டியலை முதலில் பாருங்கள். பாதி மீந்த ஒயின் பாட்டிலை ஆசையாகக் காரில் வைத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பாதீர்கள். ஈசிஆரில் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சோதனை இருக்கும், டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்.