ரியோவின் வானவில் தெருக்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்கள் விடக்கூடாத பிழைகள்

நல்லூர்த் தேரன்று முத்திரைச் சந்தியில் நின்று பழகியவருக்குக் கூட்டம் புதிதல்ல. ஆனாலும் கார்னிவல் கொண்டாட்டத்துக்காகப் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவுக்குப் போய், பெப்ரவரி வெயிலில், முதல் நாள் தெருவில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கூட்டத்தைக் கண்டல்ல. என்னோடு வந்த இரண்டு நண்பர்களும் கை கோத்து நடந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருவரும் யாழ்ப்பாணத்துப் பெடியங்கள். ஒருவர் இப்போது ரொறன்ரோவில், மற்றவருக்குக் கொழும்பில் வேலை. எங்கள் ஊரில் பத்தடி தூரம்கூட அவர்கள் அப்படி நடந்ததில்லை.

திரும்பி வந்த பிறகு பலர் விசாரித்தார்கள். அதனால் நாங்கள் விட்ட பிழைகளையும், பக்கத்தில் நின்றவர்கள் விடக் கண்ட பிழைகளையும் எழுதி வைக்கிறேன்.

முதல் பிழை பயணத்துக்கு முன்பே தொடங்கிவிடும். கார்னிவல் என்றால் சம்பாட்ரோம் அணிவகுப்புத்தான் என்று நினைத்து, இருக்கிற காசையெல்லாம் அந்த ரிக்கெற்றிலேயே போட்டுவிடுவது. ஒஸ்கார் நீமெயர் வடிவமைத்து 1984இல் திறந்த அந்த அரங்கு பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் பால்புதுமையினர் (தன்பாலினர், திருநர் போன்றோர்) கூச்சமில்லாமல் கலந்து ஆடும் கொண்டாட்டம் தெருவில் நடக்கிறது. அதற்கு அங்கே ‘புளோக்கோ’ என்று பெயர். ஒரு வாத்தியக் குழு முன்னே போகும், ஊர் பின்னே போகும். ரியோவில் மட்டும் ஒரு பருவத்தில் 400க்கும் மேற்பட்டவை நடக்கின்றன. பெரும்பாலும் காசு கட்டவே தேவையில்லை. கார்னிவல் நாள் ஈஸ்டரைப் பொறுத்து மாறும். 2027இல் கார்னிவல் செவ்வாய்க்கிழமை பெப்ரவரி 9ஆம் திகதி வருகிறது. தெருக் கொண்டாட்டம் அதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கிவிடும். அந்த நாட்களில் போனால் நெரிசல் குறைவு, அறை வாடகையும் குறைவு.

இன்னொன்று நேரம். இரவுக் கொண்டாட்டம் என்று நினைத்து மத்தியானம் எழும்பினால் பாதியைத் தவறவிடுவீர்கள். பல புளோக்கோக்கள் காலை ஏழு, எட்டு மணிக்கே புறப்படும். முதல் நாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெரு கழுவிக்கொண்டிருந்தார்கள். வீதிகளை மூடிவிடுவதால் ராக்சியை நம்பாமல் மெட்ரோவில் போங்கள்.

சரி, எங்கே போவது? இபனேமா பகுதியில் ஃபார்மி டி அமோயேடு என்ற தெருவும், அது கடலைத் தொடும் இடத்தில் வானவில் கொடி பறக்கும் மணல் துண்டும் நீண்ட காலமாகவே பால்புதுமையினரின் இடம். அதே பகுதியில் பண்டா டி இபனேமா என்ற புளோக்கோ 1965 முதல் வலம் வருகிறது. இராணுவ ஆட்சி இருந்த காலத்திலேயே தொடங்கியது. இறகும் மினுக்கமுமாகப் பெண் வேடமிட்ட கலைஞர்கள் அதன் அடையாளம்.

அங்கே நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். ஊர்வலம் அமைதி மாதா தேவாலயத்துக்கு முன்னால் நின்றது. ஏதோ தடை என்று நினைத்து நான் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தேன். ஓர் அம்மா என் தோளைத் தொட்டு நிற்கச் சொன்னார். பிரேசிலின் பெரும் இசைமேதை பிக்சிங்கீஞா 1973இல் இந்தப் புளோக்கோ போன ஒரு நாளில், அந்தத் தேவாலயத்துக்குள்தான் இறந்துபோனார். அவருடைய மெட்டொன்றை வாசிக்காமல் ஊர்வலம் அந்த இடத்தைக் கடப்பதில்லை. எனக்கு முன்னால் நின்றவர் ஆறடி உயரம், தலையில் மயிலிறகுக் கிரீடம். வியர்வையில் கண்மை கன்னம் வரை கரைந்திருந்தது. கிரீடத்தை மெதுவாகக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, வாய்க்குள் அந்தப் பாட்டைப் பாடினார். சாமி வீதியுலாவில் வாசலுக்கு முன்னால் நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை முழுதாக வாசித்து முடிக்கும்வரை நாங்கள் நிற்பதில்லையா, அதே நிற்றல்தான். ஆட்டம் மட்டும் என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே பக்தி போன்ற ஒன்றும் இருக்கிறது.

வேடம் போடுவது நல்லது. ஆனால் யாரையும் நையாண்டி செய்யும் வேடம் வேண்டாம். முகத்தில் கரி பூசுவதும், பூர்வகுடியினர் போல இறகு செருகுவதும் அங்கே பலரைப் புண்படுத்துகின்றன. திருநங்கையரைக் கேலி செய்யச் சேலை கட்டுவது அதைவிட மோசம். எங்கள் கூத்துக் கலைஞர்கள் பெண் வேடத்தை எவ்வளவு மரியாதையோடு கட்டினார்களோ, அந்த மனநிலையோடு கட்டுங்கள்.

அரைகுறை உடையில் ஒருவர் சிரித்தால் அது சம்மதம் என்று நினைப்பது பெரும் பிழை. முத்தமிடுவது அங்கே சாதாரணம். ஆனால் கேட்டுத்தான். ‘இல்லை என்றால் இல்லைதான்’ என்ற இயக்கம் 2017இல் ரியோவிலேயே தொடங்கியது. பெண்கள் அந்த வாசகத்தைத் தற்காலிகப் பச்சைகுத்தலாகக் கையில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். சம்மதமில்லாமல் பாலியல் நோக்கோடு தொட்டால் 2018இல் வந்த சட்டப்படி ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. ஆண் ஆணைத் தொட்டாலும் இதே சட்டம்தான்.

சட்டம் இருக்கிறதே என்று கவனம் தளருவதும் பிழை. எங்கள் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் 1883 முதல் இருக்கின்றன. அந்தப் பயத்தோடு வளர்ந்தவருக்கு, பால்புதுமையினர் மீதான வெறுப்பை 2019இல் குற்றமாக்கிய பிரேசில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெரிய ஆறுதல். அதே பிரேசிலில்தான் உலகிலேயே அதிகமான திருநர் கொலைகள் ஆண்டுதோறும் பதிவாகி வருகின்றன. கூட்டத்துக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் பயமில்லை. கூட்டம் கலைந்த பிறகு இருட்டான குறுக்குத் தெருக்களில் தனியாகவோ இருவராகவோ நடக்காதீர்கள்.

திருட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. தேரன்று ஒலிபெருக்கியில் “நகைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நல்ல போனை அறையில் பூட்டிவிட்டுப் பழைய போனொன்றைக் கொண்டுபோங்கள். உள்ளூர்காரரே அப்படித்தான் செய்கிறார்கள். மற்றவர் நீட்டும் குடிபானத்தை வாங்காதீர்கள். பானத்தில் மருந்து கலந்து மயக்கிக் கொள்ளையடிப்பது அங்கே அவ்வளவு பழக்கமானது. ‘சின்ட்ரெல்லாவுக்கு இரவு வணக்கம்’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அப்புறம், ஆணுறை இலவசமாகவே கிடைக்கும். பாதுகாப்பில்லாமல் ஏதும் நடந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். அரச மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கும் இலவசம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுச் சான்றிதழை வைத்திருங்கள். பிரேசிலிலிருந்து வருகிறவரிடம் கட்டுநாயக்காவில் அதைக் கேட்பார்கள்.

இனி, நம்மவர் விடும் பிழைகளில் என்னை அதிகம் வருத்துவது: படம்.

ரியோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எட்டரை மணித்தியால வித்தியாசம். அங்கே காலை பத்து மணிக்கு ஒரு படம் போட்டால் இங்கே மாலை ஆறரை. விளக்கேற்றிவிட்டு வீட்டார் எல்லோரும் போனைக் கையில் எடுக்கும் நேரம். எங்கள் கூட்டத்தில் சேர்ந்துகொண்ட ஒரு தமிழ்ப் பெடியன் தன் முகத்தைத்தான் படமெடுத்துப் போட்டான். பின்னால் மூன்றாவது ஆளாக என் கொழும்பு நண்பன், கன்னத்தில் மினுக்கத்தோடு, ரொறன்ரோக்காரனின் தோளில் சாய்ந்தபடி. நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே அந்தப் படம் இரண்டு வட்ஸ்அப் குழுக்களைத் தாண்டிக் கொழும்பு நண்பனின் சித்தியிடம் போயிருந்தது. அவனுடைய அம்மா அழைப்பெடுத்தார். “தம்பி, அது நீயோ?” என்று மட்டும் கேட்டாராம். அவன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, பேசாமல், கன்னத்து மினுக்கத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தான். அது இலகுவில் போகாது.

படம் போட்டவன் கெட்டவனல்ல. சந்தோஷத்தில் செய்தான். ஆனால் ஒருவர் தன்னைப் பற்றித் தன் வீட்டில் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. அதை ஒரு விரல் தட்டலில் பறித்துவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு இதுதான்: ஒரே ஒரு போனில் மட்டும் படம். பின்னால் நிற்பவர் முகம் தெரிந்தால் அழிப்போம். எதைப் போடுவதென்றாலும், ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, படத்தில் உள்ள ஒவ்வொருவரையும் கேட்ட பிறகு.

அண்மைய ஆண்டுகளில் யாழ்ப்பாண வீதிகளிலும் ஜூன் மாதத்தில் வானவில் கொடியோடு ஊர்வலம் போயிருக்கிறது. அங்கே முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பவரும் உங்கள் ஒழுங்கையில் வசிப்பவராக இருக்கலாம். இரவில் அவருக்கும் ஒரு சித்தி எடுப்பார். கடை வாசலில் நின்று பார்க்க நேர்ந்தால் போனைப் பொக்கெற்றிலேயே வைத்துக்கொண்டு, கையை மட்டும் அசையுங்கள்.