இழுவை ஸ்பிரிங்கும் டிராபார் ஸ்பிரிங்கும்: எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

இழுத்தால் எதிர்த்து நின்று, விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் ஸ்பிரிங்குகளில் இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி சுற்றப்பட்டு, இரு முனைகளிலும் கொக்கி வளைக்கப்பட்டது இழுவை ஸ்பிரிங். இருசக்கர வாகனத்தின் சைடு ஸ்டாண்டிலும், டிரம் பிரேக்கின் ஷூக்களுக்கு இடையிலும் இருப்பது இதுதான். டிராபார் ஸ்பிரிங்கின் அமைப்பு வேறு. அதில் இருப்பது இடைவெளிவிட்டுச் சுற்றிய அமுக்க ஸ்பிரிங். கொண்டை ஊசி வடிவில் வளைத்த இரண்டு கம்பிகள் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து அதன் உள்ளே நுழைந்து, ஒவ்வொன்றும் மறுமுனையைப் பற்றிக்கொண்டிருக்கும். கம்பிகளை வெளியே இழுக்கும்போது ஸ்பிரிங் நீளாமல் அமுங்குகிறது.

கடையில் முதலில் கேட்கப்படுவது "எத்தனை கிலோ தாங்க வேண்டும்?" என்பதுதான். அதற்கும் முன்னால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்த ஸ்பிரிங் அளவுக்கு மீறி இழுபட்டாலோ உடைந்தாலோ கீழே விழுவது என்ன என்பது. இழுவை ஸ்பிரிங்குக்குத் தானாக நிற்கும் எல்லை கிடையாது. இழுக்க இழுக்க நீண்டு, ஒரு கட்டத்துக்குப் பின் திரும்பி வராமல் தளர்ந்துவிடும், கொக்கி முறிந்தால் பளு அந்த நொடியே விழும். டிராபார் ஸ்பிரிங்கில் சுற்றுகள் முழுவதும் ஒட்டியதும் நீட்சி நின்றுவிடும், அதற்கு மேல் வரும் பளுவை இறுகிய சுற்றுகளும் கம்பிகளும் சேர்ந்து தாங்கும். ஸ்பிரிங் உடைந்தாலும் துண்டுகள் பெரும்பாலும் கம்பிகளுக்கு இடையே சிக்கிக்கொள்வதால் பளு உடனே விழுந்துவிடாது. ஆகவே மனிதர் அமரும் தொங்கு நாற்காலி, ஊஞ்சல் போன்றவற்றுக்கு டிராபார் வகையை மட்டுமே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கதவை இழுத்து மூடுவது, நெம்புகோலைத் திரும்பக் கொண்டுவருவது போன்ற வேலைகளுக்கு விலையும் இடமும் குறைவாகக் கேட்கும் இழுவை ஸ்பிரிங்கே போதும்.

இழுவை ஸ்பிரிங்கில் பலரும் கவனிக்கத் தவறுவது அதன் தொடக்க இழுவிசை. சுற்றும்போதே சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்கும்படி சுற்றுவதால், ஒரு குறிப்பிட்ட விசையை எட்டும்வரை ஸ்பிரிங் அசையவே அசையாது. அதைத் தாண்டிய பிறகுதான் சுற்றுகள் விலகத் தொடங்கும். மொத்த விசை என்பது இந்தத் தொடக்க இழுவிசையுடன், ஒரு மில்லிமீட்டர் நீட்சிக்கான விசையை நீட்சியால் பெருக்கிக் கூட்டியது. பழைய ஸ்பிரிங்குக்கு மாற்று தேடும்போது இவ்விரண்டையும் தனித்தனியாக அறிய ஒரு தொங்கு தராசும் அளவுகோலும் போதும். ஒரு கொக்கியை அசையாத ஆணியில் மாட்டி, மறு கொக்கியைத் தராசால் 10 மில்லிமீட்டர் இழுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 40 மில்லிமீட்டர் இழுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது 4 கிலோவும் இரண்டாவது 10 கிலோவும் காட்டினால், 30 மில்லிமீட்டருக்கு 6 கிலோ கூடியிருக்கிறது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 0.2 கிலோ. முதல் 10 மில்லிமீட்டருக்கான 2 கிலோவை 4 கிலோவிலிருந்து கழித்தால் எஞ்சும் 2 கிலோவே தொடக்க இழுவிசை. கம்பி விட்டம் 2 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர், சுற்றுகள் 30 கொண்ட எஃகு ஸ்பிரிங் ஏறத்தாழ இந்த அளவைக் கொடுக்கும்.

கம்பி விட்டத்தை வெர்னியர் காலிப்பரால்தான் அளக்க வேண்டும், கண்மதிப்பு உதவாது. ஸ்பிரிங்கின் விறைப்பு, அதாவது ஒரு மில்லிமீட்டர் நகர்வுக்கான விசை, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், சராசரிச் சுற்று விட்டமும் (வெளிவிட்டத்திலிருந்து கம்பி விட்டத்தைக் கழித்தது) சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாமல் 2 மில்லிமீட்டருக்குப் பதில் 2.2 மில்லிமீட்டர் கம்பி போட்டால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். சுற்றுகளைப் பாதியாகக் குறைத்தால் விறைப்பு இரு மடங்காகும். நீளமான ஸ்பிரிங்கை வெட்டி, இடுக்கியால் புதுக் கொக்கி வளைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விறைப்பு மாறிவிடுவது ஒருபுறமிருக்க, கொக்கி வளைவில்தான் தகைவு (கம்பிக்குள் ஏற்படும் அழுத்தம்) மிகுதியாக இருக்கும், இழுவை ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் உடைவதும் அங்கேதான். இடுக்கி பதித்த சிறு கீறலும் கூர்மையான வளைவும் அந்த உடைவை விரைவுபடுத்தும். வாங்கும்போது கொக்கியின் வளைவு தாராளமாக உள்ளதா, வளைவின் வெளிப்புறத்தில் கீறலோ மயிரிழை விரிசலோ இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது பயன் தரும்.

பொருளைப் பொறுத்தவரை, ஐ.எஸ். 4454 என்ற இந்தியத் தரநிலையில் வரும் கார்பன் எஃகுக் கம்பி உலர்ந்த இடத்துக்குப் போதும். கடலோரத்திலும் மழை படும் இடத்திலும் துருப்பிடிக்காத எஃகே நல்லது. ஆனால் அதே அளவில் செய்தால் அதன் விறைப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறையும் என்பதால் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். துத்தநாகப் பூச்சை நம்பி இழுவை ஸ்பிரிங் வாங்குபவர்கள், ஒட்டியிருக்கும் சுற்றுகளின் இடுக்கில் அந்தப் பூச்சு சரியாக ஏறாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி டிராபார் ஸ்பிரிங்கின் கணக்கு. தொங்கு நாற்காலியும் அதில் அமர்பவரும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். அசையாமல் இருக்கும்போது ஸ்பிரிங்கில் விழுவது அந்த 100 கிலோதான். செங்குத்திலிருந்து 45 பாகை வரை வீசி ஆடினால், அடிப்புள்ளியைக் கடக்கும்போது பளு ஏறத்தாழ 159 கிலோவாகிறது. மெல்ல அமராமல் உடல் எடை முழுவதையும் ஒரே நேரத்தில் போட்டால், உயரத்திலிருந்து விழாவிட்டாலும், பளு கணநேரம் இரு மடங்கை எட்டும். எனவே வழக்கமான பளுவில் அமுங்கு தூரத்தின் (சுற்றுகள் ஒட்டும்வரை அமுங்கக்கூடிய தூரத்தின்) பாதியை மட்டும் பயன்படுத்தும் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமுங்கு தூரம் 50 மில்லிமீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 4 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங் 100 கிலோவுக்கு 25 மில்லிமீட்டர் இறங்கும். 200 கிலோவில் முழுவதும் இறுகும். விற்பவர் "200 கிலோ" என்று சொன்னால், அது சுற்றுகள் ஒட்டும் பளுவா, அன்றாடம் தொங்கவிடக்கூடிய பளுவா என்று கேட்டுத் தெளிவது அவசியம். வீட்டில் பலர் பயன்படுத்துவார்கள் என்றால் மிகக் கனமானவரின் எடையையே கணக்கில் எடுக்க வேண்டும். எடை குறைந்தவருக்கு ஸ்பிரிங் சற்று விறைப்பாகத் தெரிவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொருத்தும்போது, வாய் திறந்த எஸ் கொக்கிக்குப் பதிலாகத் திருகாணியால் வாய் மூடப்படும் யு வடிவ இணைப்புகளான ஷேக்கிள்களைப் பயன்படுத்துங்கள். நாற்காலி சுழலக்கூடியது என்றால் மேலே ஒரு சுழல் இணைப்பு வேண்டும். இல்லையெனில் கம்பிகள் முறுக்கேறி, சுற்றுகளின் உட்புறத்தை உராய்ந்து தேய்க்கும். இடைவெளியுள்ள சுற்றுகள் அமுங்கும்போது விரலும் தலைமுடியும் சிக்கக்கூடும் என்பதால், ஸ்பிரிங்கைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், கூரைக் கொக்கியை ஒட்டி மாட்டுவதே சரி.

தொட்டில் கட்டுவதற்குப் பரவலாக விற்கப்படும் ஸ்பிரிங்குகளில் இழுவை வகையும் உண்டு. அதைத்தான் மாட்டியிருக்கிறீர்கள் என்றால், மேல் வளையத்திலிருந்து தொட்டில் துணி கட்டிய வளையம் வரை, ஸ்பிரிங்கை நம்பாமல் தனியாக ஒரு உறுதியான கயிற்றையோ சங்கிலியையோ கட்டாயம் இணைக்க வேண்டும். வழக்கமான ஆட்டத்தில் அது தளர்வாகவும், ஸ்பிரிங் அதற்கு மேல் நீளத் தொடங்கினால் இறுகிப் பிடிப்பதாகவும் அதன் நீளம் அமைய வேண்டும். பளு இல்லாதபோது சுற்றுகளுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால் அந்த ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதை அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.