சின்ன மீனுக்குத் தடித்த நரம்பு: தூண்டில்காரர்கள் செய்யும் தவறுகள்

சேலத்து ஏரிக்கரைகளில் கால் கிலோ ஜிலேபி மீனுக்காக உட்கார்ந்திருப்பவரின் ரீலில் பல நேரம் 20 பவுண்டு எடை தாங்கும் தூண்டில் நரம்புதான் சுற்றியிருக்கும். கேட்டால், “பெரிசு ஏதாவது மாட்டினா அறுந்துடக் கூடாதே” என்பார். மேட்டூர் அணையில் கட்லாவும் ரோகுவும் இருப்பதால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தடிமனே ஜிலேபியும் கெண்டையும் இரையைத் தொடாமல் போவதற்குக் காரணமாகிவிடுகிறது.

கடையில் தங்கூஸ் நரம்பு வாங்கும்போது எல்லோரும் பவுண்டு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதே அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மில்லிமீட்டர் அளவு. ஒரு கம்பெனியின் 4 பவுண்டு நரம்பு 0.18 மி.மீ. இருக்கும், இன்னொரு கம்பெனியில் அதே 4 பவுண்டு 0.22 மி.மீ. இருக்கலாம். விட்டம் இரண்டு மடங்கானால் வளைய மறுக்கும் விறைப்பு 16 மடங்கு ஏறும். 0.20க்குப் பதில் 0.40 போட்டால் ஒரு கிராம், இரண்டு கிராம் எடையுள்ள தக்கையும் ஈயமும் அதை இழுத்துக்கொண்டு பறக்காது. வீசினால் பத்தடியில் விழும். தண்ணீரிலும் புழு இயல்பாகக் கீழே இறங்காது, விறைத்த நரம்பு அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஜிலேபி வாயில் வாங்கி உடனே துப்பிவிடும். தக்கை லேசாக அசைந்து நின்றுபோவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் 0.16 முதல் 0.20 மி.மீ. வரை போதும். கெளுத்தி வரும் இடம், பாறை இடுக்கு, சீமைக் கருவேல மரக்கட்டை மூழ்கிக் கிடக்கும் ஏரி என்றால் 0.22 முதல் 0.25. இங்கே தடிமன் கூட்டுவது உராய்வுக்காக. மீனின் எடைக்காக அல்ல. ரீல் இல்லாத மூங்கில் கழிக்கும் 0.22க்குக் கீழே போக வேண்டாம். மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க அங்கே நரம்பின் இழுபடும் தன்மையையும் கழியின் வளைவையும் தவிர வேறு எதுவும் இல்லை.

பெரிய மீன் மாட்டினால்? அதற்குத்தான் ரீலில் டிராக் இருக்கிறது, மீன் பலமாக இழுத்தால் நரம்பை வழுக்கி விட்டுக்கொடுக்கும் அமைப்பு. அதை இறுக்கிப் பூட்டிவிட்டு, அறுந்ததும் நரம்பைத் திட்டுவது பரவலான தவறு. அறுபடும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் வழுக்க வேண்டும். 4 பவுண்டு என்பது சுமார் 1.8 கிலோ. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டி, ராடு (தூண்டில் கழி) வளையங்களின் வழியாக மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுழலத் தொடங்கினால் டிராக் சரியாக இருக்கிறது.

ரீலில் நரம்பைச் சுற்றும்போது நடக்கும் தவறுகள் கரையில்தான் வெளியே தெரியும். ஸ்பூலின் விளிம்புவரை நிரப்பினால் வீசும்போது வளையம் வளையமாகக் கொட்டிச் சிக்கும், பாதி நிரப்பினால் நரம்பு விளிம்பில் உரசி வீச்சு குறையும். விளிம்புக்கு 2 முதல் 3 மி.மீ. கீழே நிறுத்துங்கள். 150 மீட்டர் புது நரம்பு முழுவதையும் சுற்ற வேண்டியதில்லை. அடியில் பழைய நரம்பை நிரப்பி, மேலே 70, 80 மீட்டர் புதியது போட்டால் போதும். கடைச் சுருளை எழுத்து அச்சிட்ட பக்கம் மேலே தெரியும்படி தரையில் படுக்க வைத்து, ஈரத் துணியால் நரம்பைப் பிடித்தபடி 20 முறை சுற்றிவிட்டு நிறுத்திச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். தானாக முறுக்கிக்கொண்டால் சுருளைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். முறுக்கேறிய நரம்பை அப்படியே விட்டுவிட்டால் மெல்லிய நரம்பில் அது தீராத சிக்கல்.

நைலான் தண்ணீரை உறிஞ்சும். ஊறியபின் வலு பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும், இழுபடும் தன்மை கூடும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை மெல்ல மெல்ல நொறுக்கும். ராடை மொட்டை மாடியில் சாய்த்து வைப்பது இதனால்தான் கூடாது. வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் சேலத்துக் கோடை வெப்பத்தில் சுருள் நிலைத்துப்போய், வீசும்போது ஸ்பிரிங் போல வரும். நரம்பின் நிறம் மங்கி விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தால், சாதாரண முடிச்சு ஒன்று போட்டு இழுத்துப் பாருங்கள். எளிதில் அறுந்தால் மாற்றிவிடலாம். ஒவ்வொரு முறை போகும்போதும் தூண்டில் முள் பக்கத்து ஒரு மீட்டரை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், ஜிலேபியின் செதிலும் முதுகு முள்ளும் கீறுவது அந்தப் பகுதியைத்தான்.

முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்கிய பிறகே இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு வெந்து, அந்த இடத்திலேயே அறும். மெல்லிய நரம்புக்கு, முள்ளின் காதில் நுழைத்த நுனியை அதே நரம்பின் மேல் ஐந்து, ஆறு சுற்று போடுங்கள்.

நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கலங்கல் நீரில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. தெளிந்த நீரில் நிறமற்றதை எடுத்தால் போதும்.

வெட்டிய நரம்பைக் கரையில் வீசாதீர்கள். சேலத்து மூக்கனேரி ஏரியின் திட்டுகளில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. காலில் நரம்பு சுற்றிய பறவையால் அதை அவிழ்க்க முடியாது. வெட்டிய துண்டை மூடியுள்ள பாட்டிலில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்து, விரல் நீளத்துக்கு நறுக்கிக் குப்பையில் சேருங்கள்.