4294967297: பகா எண் என்று ஏமாற்றும் எண்ணும் அதை ஆராய்வோர் செய்யும் தவறுகளும்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்பது 2இன் 32ஆம் அடுக்குடன் 1ஐக் கூட்டினால் கிடைக்கும் எண். அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்தால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதால், அடுத்ததும் அவ்வாறே இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் அது 641 × 6700417 என்று காட்டினார். ஐந்தைப் பார்த்து ஆறாவதை முடிவுசெய்யும் இத்தவற்றைப் பெர்மாவே செய்திருப்பதால் மாணவர்கள் கூச வேண்டியதில்லை.

இறுதி இலக்கம் 7, இலக்கங்களின் கூட்டுத்தொகை 59 என்பதால் 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாது என்று கண்டு, 7, 11, 13 வரை பார்த்துவிட்டுக் கைவிடுவது அடுத்த தவறு. 641க்கு முன்னுள்ள 115 பகா எண்களில் ஒன்றாலும் இது வகுபடாது. மாறாக, பாதி எண் வரை சோதிப்பதும் வீண் உழைப்பே. வர்க்கமூலமான ஏறத்தாழ 65536 வரை பார்த்தால் போதும். ஆய்லரோ இதன் பகாக் காரணி எதுவும் 64இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்க முடியும் என்று கண்டதால், சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641 எனச் சுருங்கி, ஐந்தாவதிலேயே விடை கிடைக்கிறது.

கணினியை நம்புவோர் வேறு விதமாகச் சறுக்குகிறார்கள். ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதைவிட 1 குறைவான எண்ணை 2க்கு அடுக்காக வைத்து, கிடைப்பதை முதல் எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும் (2 மட்டும் விதிவிலக்கு). ஆனால் மீதி 1 வந்தால் அது பகா எண் என்று திருப்பிச் சொல்லக்கூடாது. இங்கே 2இன் 32ஆம் அடுக்கு நம் எண்ணைவிட 1 குறைவு என்பதால் அதன் மீதியை −1 எனக் கொள்ளலாம். ஆகவே 64ஆம் அடுக்கின் மீதி 1. இச்சோதனையில் வைக்கும் அடுக்கான 4294967296 என்பதோ 64இன் மடங்கு; எனவே அங்கும் மீதி 1. எண்ணின் அமைப்பே சோதனையை ஏமாற்றிவிடுகிறது. 2க்குப் பதிலாக 3ஐ வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். குறியற்ற 32 பிட் மாறியில் (0 முதல் 4294967295 வரை மட்டுமே கொள்ளும் நிரல் மாறியில்) இந்த எண்ணை இட்டால் அது 1 ஆகச் சுருங்கிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

641 கிடைத்தவுடன் ஈவாகிய 6700417 பகா எண் என்று சோதிக்காமலே எழுதிவிடுவோரும் உண்டு. அதன் வர்க்கமூலம் 2588ஐச் சற்றே தாண்டும். அதன் காரணிகளும் 64இன் மடங்குடன் 1 என்ற வடிவிலேயே இருக்க வேண்டும் என்பதால், 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழால் வகுத்துப் பார்த்தாலே அது உறுதியாகிவிடும்.