கனடாக்காரர்களைத் திண்ணையில் அறிமுகப்படுத்தும் முறை

பாபநாசத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். டொரொண்டோவிலிருந்து மாமா கொண்டுவந்த சாக்லேட் டப்பாவோடு வந்த ஒருவன், "கனடாவில் யார் பெரிய ஆள், டீச்சர்?" என்று கேட்டான். பத்துப் பெயர்களையும் அவர்கள் பிறந்த வருடங்களையும் பலகையில் எழுதிப்போட்டேன். மறுநாள் ஒரு பெயரும் மிஞ்சவில்லை. அதன்பின் வழியை மாற்றிக்கொண்டேன். ஆளைச் சொல்லுமுன், அவர் தந்ததைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

நவம்பர் 14-இல் தொடங்குங்கள். ஐப்பசி மழையில் பிள்ளைகள் திண்ணையை விட்டு நகர மாட்டார்கள். குழந்தைகள் தினமான அன்றுதான் உலக நீரிழிவு தினமும். 1891-இல் அதே நாளில் ஒன்டாரியோவில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர், சர்க்கரை நோய்க்கான இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பாண்டிங்.

பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். முதலில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பாட்டியிடம் அழைத்துப் போங்கள். எங்கள் தெருப் பாட்டி வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. சட்டியில் ஈர மணலைப் பரப்பி, அதன்மேல் சிறு மண்பானையை வைத்து, குப்பியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறார். மூடியைத் திறந்தால் குளிர்ந்த மண்வாசனை வருகிறது. வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து அவர் ஊசி போட்டுக்கொள்வதைப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். கதையை அங்கேயே சொல்லுங்கள்.

1922 ஜனவரியில் டொரொண்டோ மருத்துவமனையில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் நீரிழிவோடு கிடந்தான். எடை 30 கிலோகூட இல்லை. சாப்பாட்டைக் குறைத்து உயிரை இழுத்துப் பிடிப்பதைத் தவிர அன்று வேறு வைத்தியம் இல்லை. முதல் இன்சுலின் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. பாண்டிங்கின் குழுவிலிருந்த ஜேம்ஸ் காலிப் மருந்தைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, இரண்டாவது முறை பையன் தேறினான். காப்புரிமையில் பாண்டிங் தன் பெயரைச் சேர்க்க மறுத்தார். 1923-இல் கிடைத்த நோபல் பணத்தில் தன் பங்கில் பாதியை, உடன் உழைத்த சார்லஸ் பெஸ்டுக்குக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

பள்ளியில் கூடைப்பந்து வளையம் இருந்தால் அந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தைச் சொல்லுங்கள். 1891-இல் அவர் முதலில் மாட்டியது பழக்கூடை. ரயில் நிலையக் கடிகாரம், உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரக்கணக்கு வேண்டுமென்று வாதாடிய சான்ஃபோர்டு ஃபிளெமிங்குக்கு. இவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

வயோலா டெஸ்மண்டுக்கு ஒரு மாலை முழுவதும் வேண்டும். கனடாவின் பத்து டாலர் நோட்டில் இருப்பவர் இவர். யாராவது ஊருக்கு வந்தால் 2018-இல் வெளியான அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக் காட்டுங்கள். 1946-இல் நோவா ஸ்கோஷியாவில் ஒரு திரையரங்கில், வெள்ளையர் உட்காரும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்த இந்தக் கறுப்பினப் பெண்ணை இழுத்துப்போய் ஓர் இரவு சிறையில் வைத்தார்கள். மாடி டிக்கெட்டுக்கும் கீழ்த்தள டிக்கெட்டுக்கும் இடையே ஒரு சென்ட் வரி வித்தியாசம், அதுதான் குற்றச்சாட்டு. சொல்லி முடித்ததும், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி, தன் தாத்தா கடைவாசலில் நின்று கொட்டாங்குச்சியில் குடித்ததைக் கேட்டு வந்தாள்.

டெர்ரி ஃபாக்ஸுக்குத் திண்ணை போதாது. புற்றுநோயால் வலது காலை இழந்தவர், 1980-இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கி.மீ. ஓடினார். நாளொன்றுக்கு 42 கி.மீ. என்பது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய்ச் சேரும் தூரம். பிள்ளைகளைக் குடமுருட்டிக் கரையில் 2 கி.மீ. நடத்திக் கூட்டிப் போங்கள். கால் வலிக்கிறது என்று யாராவது சொல்லும் இடத்தில் நிறுத்தி, "இதைப்போல 21 மடங்கு, ஒரே நாளில்" என்று சொல்லுங்கள். தை மாதத்துக்குள் இதை முடித்துவிடுங்கள், பங்குனி வெயிலில் கரை மணல் சுடும்.