புரோட்டான் மெயில் இருந்தால் போதுமா? என்ன மறைகிறது, என்ன மறைவதில்லை: நீங்களே சோதித்துப் பாருங்கள்

"புரோட்டான்ல அக்கவுண்ட் போட்டாச்சு, இனி நான் யாருன்னு யாருக்கும் தெரியாது" என்று நம்புகிறவர்கள் நிறைய. புரோட்டான் மெயில் என்பது, மெயில்களைப் பூட்டி வைக்கும் ஒரு சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் மெயில் சேவை. மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மறைப்பது ஒரு வேலை. எழுதியவர் யார் என்பதை மறைப்பது இன்னொரு வேலை. என்கிரிப்ஷன் (சாவி உள்ளவர் மட்டுமே படிக்கும்படி எழுத்தைப் பூட்டுவது) முதல் வேலையைத்தான் செய்கிறது. இரண்டாவதில் அது எவ்வளவு தூரம் உதவும் என்பதை ஓர் இலவசக் கணக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

படி 1: உங்களுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள்

புரோட்டானிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு பக்கம் விரியும். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது சில வரிகள்தான்: அனுப்பியவர், பெறுபவர், சப்ஜெக்ட், தேதி, பிறகு 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள். மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்பதை அந்த 'ரிசீவ்ட்' வரிகள் சொல்லும். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

உங்கள் வீட்டு இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரி அதில் இருக்காது. நல்லது. ஆனால் மெயில் ஜிமெயிலில் சாதாரணமாகத் திறந்துகொண்டதைக் கவனித்தீர்களா? புரோட்டானிலிருந்து வெளியே போகும் மெயில் தானாகப் பூட்டப்படுவதில்லை. கூகுள் சர்வரில் அது படிக்கக்கூடிய நிலையிலேயே கிடக்கிறது.

இரண்டு பக்கமும் புரோட்டானாக இருந்தால் உள்ளடக்கமும் இணைத்த கோப்புகளும் பூட்டப்பட்டுவிடும். அப்போதும் சப்ஜெக்ட் வரி, யார் யாருக்கு, எப்போது என்பதெல்லாம் நிறுவனத்துக்குத் தெரியும். ஜெர்மனியின் ஹனோவரில் இருக்கும் டூட்டா என்ற மெயில் சேவை சப்ஜெக்டையும் பூட்டுகிறது. ஆனால் சேர வேண்டிய முகவரி தெரியாமல் எந்தச் சேவையாலும் மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

புரோட்டான் இல்லாத வெளியாட்களுக்கு அனுப்பும்போது, எழுதும் பெட்டியில் உள்ள பூட்டுக் குறியை அழுத்திக் கடவுச்சொல் வைக்கலாம். அந்தக் கடவுச்சொல்லைப் போனில் சொல்லுங்கள். இன்னொரு மெயிலில் அனுப்பினால் பூட்டியும் பயனில்லை. சப்ஜெக்டில் 'வணக்கம்' என்பதற்கு மேல் எதுவும் எழுதாதீர்கள்.

படி 2: ரெக்கவரி பகுதியைத் திறங்கள்

செட்டிங்ஸில் ரெக்கவரி (கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்பது) என்ற பகுதி இருக்கும். அங்கே உங்கள் தினசரி மெயில் முகவரியோ போன் எண்ணோ இருக்கிறதா? இருந்தால் பெயர்ப்பலகை மாட்டியாயிற்று என்று அர்த்தம். 2024-இல் ஸ்பெயினில் நடந்தது இதுதான். கட்டலோனியப் பிரிவினை இயக்கம் தொடர்பான விசாரணையில், சுவிஸ் அதிகாரிகள் வழியாக ஒரு புரோட்டான் கணக்கின் விவரம் கேட்கப்பட்டது. மெயில்களைப் படித்துக் கொடுக்கப் புரோட்டானால் முடியாது. ரெக்கவரி முகவரியைக் கொடுத்தது. அது ஆப்பிள் முகவரி. அடுத்து ஆப்பிளைக் கேட்டார்கள், ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. என்கிரிப்ஷனை யாரும் உடைக்கவே இல்லை.

உடனே ஓடிப்போய் ரெக்கவரி முகவரியை நீக்கிவிடாதீர்கள். அதே பகுதியில் 12 சொற்கள் கொண்ட ரெக்கவரி வாசகம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். முதலில் அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அப்புறம் நீக்குங்கள். இல்லாவிட்டால் கடவுச்சொல் மறந்த அன்று கணக்கு போனது போனதுதான்.

கட்டணத் திட்டத்துக்குக் கார்டில் பணம் கட்டியிருந்தால் உங்கள் பெயர் அங்கேயும் இருக்கிறது.

படி 3: ஐபி முகவரி

'நாங்கள் ஐபி பதிவுகளை வைப்பதில்லை' என்ற பொருளில் புரோட்டான் தன் முகப்புப் பக்கத்தில் எழுதியிருந்த காலம் உண்டு. 2021-இல் பாரிஸில் இருந்த காலநிலைப் போராட்டக்காரர் ஒருவரைத் தேடிய பிரெஞ்சு போலீஸ், ஐரோப்பியப் போலீஸ் ஒத்துழைப்பு அமைப்பான யூரோபோல் வழியாக சுவிஸ் அரசை அணுகியது. சுவிஸ் உத்தரவு வந்ததும், தேடப்பட்ட புரோட்டான் கணக்கின் ஐபி முகவரியைப் பதிவுசெய்து கொடுக்க வேண்டியதாயிற்று. முகப்பு வாசகத்தையும் பிறகு மாற்றிவிட்டார்கள். இதில் நிறுவனத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இருக்கும் நாட்டின் சட்டத்துக்கு அது கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். விளம்பரம்தான் சட்டத்தை மீறிப் பேசிவிட்டது.

விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போட்டால்? உங்கள் ஐபி புரோட்டானுக்குத் தெரியாது, விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். இந்தியாவில் 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்கும்படி விபிஎன் நிறுவனங்களுக்குச் சொல்கிறது. பல நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களையே தூக்கிக்கொண்டு போய்விட்டன.

இணையப் போக்குவரத்தைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பி ஐபியை மறைக்கும் டோர் பிரவுசர் இதைவிட மேல். புரோட்டானுக்கு டோரில் தனி முகவரியே உண்டு. ஆனால் ஒன்று: கணக்கு தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு முறையும் டோரில்தான் நுழைய வேண்டும். அவசரத்துக்கு ஒரே ஒரு தடவை வீட்டு வைஃபையில் போன் ஆப்பைத் திறந்தாலும் உங்கள் ஐபி முகவரி புரோட்டான் சர்வருக்குப் போய்விடும்.

டோரும் எப்போதும் காப்பாற்றாது. 2013 டிசம்பரில் ஹார்வர்டு மாணவர் ஒருவர் தேர்வைத் தள்ளிப்போட வைக்க, டோர் வழியாகத் தற்காலிக மெயில் சேவை ஒன்றில் வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். பயன்படுத்தியது பல்கலைக்கழக வைஃபை. அந்த நேரத்தில் அந்த வைஃபையில் டோரைத் திறந்தது யார் என்று பார்த்தார்கள், நேரே அவரிடம் வந்து நின்றார்கள்.

அதனால் அலுவலக முறைகேட்டைப் பற்றிப் புகார் அனுப்ப நினைப்பவர்கள் அலுவலக லேப்டாப்பையும் அலுவலக வைஃபையையும் தொடவே வேண்டாம். கண்காணிப்பு மென்பொருள் இருந்தால், மெயில் பூட்டப்படுவதற்கு முன்பே திரையில் இருப்பதைப் படித்துவிடும்.

படி 4: மெயிலில் இணைக்கும் கோப்புகள்

போனில் எடுத்த படத்தில் எடுத்த இடம், நேரம், போன் மாடல் எல்லாம் பதிந்திருக்கலாம். வேர்டு கோப்பில் உங்கள் பெயர் இருக்கலாம். விண்டோஸில் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்', பிறகு 'டீடெய்ல்ஸ்' என்று போனால் பட்டியல் தெரியும். அதன் அடியிலேயே அந்த விவரங்களை நீக்கும் இணைப்பு இருக்கும்; அதை அழுத்தி, விவரம் நீக்கிய நகல் ஒன்றை உருவாக்கச் சொல்லுங்கள். நகலையும் ஒருமுறை அதே மாதிரி திறந்து பார்த்துவிட்டு இணையுங்கள்.