ஊர் ஊராய் ஏறும் நகைச்சுவை நாடகம்: எழுதியவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் நகைச்சுவை நாடகம் முதன்முதலாக மேடையேறிய இரவு, முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுதியவருக்கு அதுதானே மரியாதை என்று நினைப்பு. நாடகம் முடிந்து மேக்கப் ரூமுக்குப் போனபோது, ஆச்சி வேடம் கட்டியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, நான் பேசறதுக்கு முந்தியே உங்க வாய் அசையுது. அதையே பாத்துக்கிட்டிருந்ததுல எனக்கு வசனம் விட்டுப்போச்சு."

அதற்குப் பிறகு அதே நாடகத்தை வேறு ஊர்க்குழுக்களும் போட்டன. ஒரு குழு தேவகோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில், ஒன்று புதுக்கோட்டையில், இன்னொன்று கோயம்புத்தூரில். ஒவ்வொரு ஊரிலும் புதிதாக ஒரு தவறு செய்தேன். சொந்தக் குழு வைத்துச் சொந்தமாக இயக்குகிறவர்களுக்கு இந்தச் சிக்கல்கள் பாதிதான் வரும். எழுதிக் கொடுத்துவிட்டு இன்னொருவர் போடுவதைப் போய்ப் பார்க்கிறவருக்குத்தான் முழுசாக வரும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய செட்டிநாட்டு வீடு, 11 பங்காளிகள். சினிமாக்காரர்கள் ஷூட்டிங்குக்கு வீட்டை வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள். வாடகை யார் யாருக்கு எவ்வளவு என்ற சண்டை ஒரு பக்கம், இரண்டாங்கட்டு அறையின் சாவியைக் காணோம் என்ற தேடல் இன்னொரு பக்கம். சாவி ஆச்சியின் இடுப்பிலேயே இருக்கிறது. இது முதல் காட்சியிலேயே நமக்குத் தெரியும், மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

முதல் வரிசையை விட்டு எழுந்திருங்கள்

கடைசி வரிசைக்குப் போய், முடிந்தால் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். மேடையில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது சபை என்ன செய்யும் என்பதுதான். நான் இப்போது வசனப் பிரதி ஒன்றையும் பென்சிலையும் எடுத்துப்போகிறேன். வாய்விட்டுச் சிரித்த இடத்துக்கு ஒரு கோடு, புன்னகையோடு நின்ற இடத்துக்கு ஒரு புள்ளி, நாற்காலி கிறீச்சிட்ட இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. இருட்டில் செல்போன் வெளிச்சம் மூன்று நான்கு இடத்தில் எழும்பினால் அந்தப் பக்கத்தையே மடித்து வைத்துவிடுவேன். அங்கே கதை நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், முதல் நாள் சிரிப்பை நம்பாதீர்கள். அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நடிகர்களின் அத்தை, மாமா, பக்கத்து வீடு. அது மொய்ச் சிரிப்பு. நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்ய வேண்டியது. டிக்கெட் வாங்கி வந்த முகம் தெரியாத கூட்டம் எங்கே சிரிக்கிறது என்று பார்க்க, இரண்டாவது அல்லது மூன்றாவது காட்சிக்குப் போங்கள். என் நாடகத்தில் ரொம்பச் சிரிப்பு வரும் என்று நான் எதிர்பார்த்தது, மருமகளின் முறைச்சிட்டையை, அதாவது அவள் கொண்டுவந்த சாமான்களின் பட்டியலை, படித்துக்காட்டும் நீண்ட வசனம். முதல் நாள் அதற்கு நல்ல சிரிப்பு. மூன்றாம் நாள் ஒரு இருமல்கூட இல்லை. சபை வெடித்துச் சிரித்தது, வேலையாள் பித்தளைக் குடத்தோடு வழுக்கியபோது. அது நான் எழுதியதே இல்லை, நடிகர் நிஜமாகவே வழுக்கிவிட்டார்.

கொஞ்ச நாள் அது மனசை உறுத்தியது உண்மை. ஆனால் எஜமானும் வேலைக்காரனும் ஒருவரை ஒருவர் படுத்தும் பாட்டுக்குத் தமிழ் மேடையில் வயசு அதிகம். பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். அந்த நாடகத்தை 1941இல் படமாக எடுத்தவர் காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். தாத்தா காலத்துச் சிரிப்பு ஊர்க்காதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, என் முறைச்சிட்டை வசனம் தோற்றதில் வியப்பென்ன?

சிரிப்பு வரும் சொல்லை எங்கே வைப்பது

பார்வையாளராக நின்றபோதுதான் பிடிபட்ட விஷயம் இது. எழுதும்போது கண்ணுக்குத் தெரியவே இல்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சிரிப்பைத் தூண்டும் சொல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. நான் எழுதியிருந்தது: "மாப்பிள்ளைக்கு வைத்திருந்த வெள்ளைப் பணியாரத்தை ஆச்சி நாய்க்குத் தூக்கிப் போட்டுவிட்டாக." 'நாய்க்கு' என்றதும் சிரிக்கத் தொடங்கிய சபை, மீதி வார்த்தைகளைக் கேட்பதற்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டது. அடங்கின சிரிப்பு திரும்ப வரவில்லை. புதுக்கோட்டை நடிகர் அதையே இப்படிப் பேசினார்: "மாப்பிள்ளைக்குன்னு வச்ச வெள்ளைப் பணியாரம். ஆச்சி தூக்கிப் போட்டது யாருக்கு? நாய்க்கு." அதே செய்தி, அதே சொற்கள்தான். கூரை அதிர்ந்தது.

பேச்சுத் தமிழில் வினையை முன்னால் இழுக்கலாம், கேள்வியாக உடைக்கலாம், 'என்னன்னா' போட்டு நிறுத்தலாம். நாம் தினமும் வீட்டில் செய்வதுதான். பேனாவை எடுத்ததும் இலக்கணம் வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு: சிரிப்பு வரும் வசனத்துக்கு அடுத்த வரியில் கதைக்கு அவசியமான தகவலை வைப்பது. சிரிப்புச் சத்தத்தில் அது காணாமல் போய்விடும். "சாவி நேத்துவரைக்கும் பெட்டகத்துல இருந்துச்சு" என்ற ஒரு வரி கேட்காததால், தேவகோட்டையில் பின்பாதி முழுக்க ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் "எந்தச் சாவி? எந்தச் சாவி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவசியமான தகவலைச் சிரிப்புக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். சிரிப்புக்குப் பின்னால் தொலைந்தாலும் பரவாயில்லாத ஒரு வரியை வையுங்கள். "சரி சரி, நடங்க" மாதிரி ஏதாவது. சிரிப்பு பெரிசாக வந்தால் நடிகர் அதை விழுங்கிவிடலாம், வராவிட்டால் பேசி ஒப்பேற்றலாம்.

'ஆயா' என்றால் யார்?

கோயம்புத்தூரில்தான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். செட்டிநாட்டில் நகரத்தார் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்பார்கள். ஐயா என்றால் தாத்தா, ஆயா என்றால் அம்மாவின் அம்மா. கொங்குப் பக்கம் அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. கதாநாயகி "அப்பச்சி, நான் அவரைத்தான் கட்டிக்குவேன்" என்று அழுததும், இந்தப் பெண் ஏன் தாத்தாவிடம் போய் அனுமதி கேட்கிறது, அப்பா எங்கே போனார் என்று சபை குழம்பியது. "ஆயா வந்திருக்காக" என்றதும் பிள்ளை பார்த்துக்கொள்ள வந்த வேலைக்கார அம்மா என்று பலர் நினைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த ஆயா வீட்டையே அதிகாரம் பண்ணுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கேட்ட சிரிப்பு அது இல்லை.

அடுத்த காட்சிக்கு நான் செய்த திருத்தம் அதைவிட மோசம். "ஆயா, அதாவது எங்க அம்மாவோட அம்மா" என்று ஒரு விளக்க வரியை நுழைத்தேன். மேடையில் ஒருவர் தன் வீட்டு உறவையே தனக்கு விளக்கிக்கொண்டிருந்தால் யார் நம்புவார்கள்? இயக்குநர் அதை வெட்டிவிட்டு, ஆயா நுழைந்ததும் மகள் ஓடிப்போய் அவர் கையில் இருந்த பையை வாங்கி, "வாங்கம்மா" என்று உட்கார வைப்பதாக ஒரு அசைவை வைத்தார். நாலு விநாடியில் உறவு புரிந்துவிட்டது.

வேறு ஊருக்குப் போகிறது என்பதற்காக வட்டாரச் சொற்களை எல்லாம் சுரண்டி எடுத்துவிட வேண்டியதில்லை. 'வந்தாக, போனாக' போய்விட்டால் என் ஆச்சி யாரோ ஒரு டிவி சீரியல் பாட்டி ஆகிவிடுவார். வளவு (வீட்டின் உள்முற்றம்), பட்டாலை, கொண்டுவிக்கப் போனது போன்ற சொற்களுக்கு ஒரு பக்கத்தில் பொருள் எழுதி இயக்குநர் கையில் கொடுத்துவிடுங்கள். எது அந்த ஊர்க் காதுக்கு ஏறும், எதைச் செயலால் காட்ட வேண்டும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

பபூனுக்கு எவ்வளவு இடம்

புதுக்கோட்டைக் குழுவில் வேலையாள் வேடம் போட்டவர் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன், அதாவது கோமாளி வேடக்காரர். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் எல்லாரையும் தனித்தனியாகப் பேசிப் பிடிப்பார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் எல்லாருக்கும் மனப்பாடம். இரவு 10 மணி வாக்கில் ஆர்மோனியப் பெட்டி திறந்தால் விடியும்போதுதான் மூடும். நடுவில் தர்க்கம் எவ்வளவு நீளும், பபூன் என்ன பேசுவார் என்பதெல்லாம் அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. சுவாமிகள் காலமானது 1922இல். இன்றைக்கும் திருவிழா மேடையில் அவர் பாட்டைப் பாடிவிட்டு, அதே மூச்சில் அன்றைய செய்தித்தாள் விஷயத்தைப் பேசுவார்கள்.

அப்படிப் பழகியவரிடம் என் பிரதியைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றரை மணி நேர நாடகம் இரண்டேகால் மணி நேரம் ஆனது. நான் கொதித்துப்போய் "ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றேன். அடுத்த காட்சியில் அவர் அப்படியே பேசினார். பள்ளிக்கூடப் பையன் செய்யுள் ஒப்பித்த மாதிரி இருந்தது. சிரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

முழுத்தடை, முழுச் சுதந்திரம் இரண்டுமே தவறு. கடைசியில் இயக்குநரோடு உட்கார்ந்து பிரதியில் மூன்று இடங்களைத் திறந்துவிட்டோம். அங்கே அவர் என்ன வேண்டுமானாலும் பேசலாம், குறித்த ஒரு சொல்லில் வந்து முடிக்க வேண்டும். நான்கு இடங்களைப் பூட்டிவிட்டோம், சாவி பற்றிய பேச்சு வரும் இடங்கள். காரணத்தையும் சொன்னேன். "அட, இங்கதான் முடிச்சு இருக்கா, முதல்லயே சொல்லக் கூடாதாண்ணே" என்றார். சொல்லாமல் விட்டதுதான் என் தவறு. பதிலுக்கு அவர் ஒன்று கற்றுக்கொடுத்தார். வழுக்கி விழும் இடத்தில் ஆல்ரவுண்டு (காட்சிக்கேற்ற சத்தம் கொடுக்கும் தாள வாத்தியங்கள்) வாசிப்பவரை வைத்து ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். சத்தம் கால் விநாடி பிந்தினால் போதும், சிரிப்பு பாதியாகிவிடுகிறது.

இயக்குநரைத் தாண்டி நடிகரிடம் நேரே போய்த் திருத்தம் சொல்வது இன்னொரு தவறு. இரண்டு பேர் சொல்வதையும் கேட்டு நடிகர் நடுவில் நிற்பார். சொல்ல வேண்டியதை இயக்குநரிடம் மட்டும், அதுவும் மறுநாள் காலையில் சொல்லுங்கள். அன்றிரவு பாராட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எத்தனை கதவு?

முகப்பில் நின்று பார்த்தால் வாசல்கள் வரிசையாகப் பின்கட்டுவரை தெரியும் வீடு நம் ஊர் வீடு. அதை நினைத்துக்கொண்டு 5 கதவு வேண்டும் என்று எழுதிவிட்டேன். ஒருவர் நுழைய ஒருவர் ஒளிய என்று ஓட்டம் எல்லாம் அந்தக் கதவுகளை நம்பித்தான். திருவிழா மேடையில் இரண்டு பக்கமும் இரண்டு திறப்பு, பின்னால் ஒரு படுதா. அவ்வளவுதான். நடிகர்கள் ஓடிக் களைத்தார்கள், யார் எங்கே ஒளிந்தார் என்று யாருக்கும் புரியவில்லை. இப்போது பிரதியில் ஒரு நிலைக்கதவு, ஒரு திண்ணை. மீதியை நடிகர்கள் காட்டுகிறார்கள்.

திறந்தவெளியில் சிரிப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வராது. பத்துப் பேர் சிரித்தால் பக்கத்தில் இருக்கிற பத்துப் பேருக்கும் தொற்ற வேண்டும், அங்கே தொற்றாது. ஆகவே வசனங்களுக்கு நடுவே இடைவெளியைக் கூட்ட வேண்டும், கிசுகிசு வசனங்களைக் குறைக்க வேண்டும். மைக் இரண்டுதான் என்றால் நடிகர்கள் சாவியைத் தேடுவதைவிட மைக்கைத் தேடுவதுதான் அதிகமாக இருக்கும். இதை எழுதும்போதே யோசிக்கலாம்.

நிஜமான செட்டிநாட்டு வீட்டு வளவிலேயே போட்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சுற்றிலும் தூண்கள், பாதிப் பேருக்குப் பாதி மேடை தெரியாது. மழமழவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவரில் வசனம் எதிரொலித்து அடுத்த வசனத்தின் மேல் வந்து விழும். 60, 70 பேருக்குப் போடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்

முறைச்சிட்டை வசனம் ஏன் அமைதியில் முடிந்தது என்று மூன்று ஊர் பார்த்த பிறகுதான் புரிந்தது. மருமகள் கொண்டுவந்த சாமான்களில் எது குறைகிறது என்று மாமியார் படிப்பதாக எழுதியிருந்தேன். சபையில் இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. அவர்கள் அந்த இடத்தில் நின்றவர்கள். சிட்டையை மருமகள் கையில் கொடுத்து, 'இந்த வீட்டிலிருந்து எனக்கு வந்தது என்ன' என்று அவள் படிப்பதாக மாற்றினேன். பட்டியலில் பாதி அப்படியேதான் இருக்கிறது. இப்போது முதலில் சிரிப்பது பெண்கள் பக்கம்தான். நிறத்தை, உடம்பை, சாதியை, வேலைக்காரரின் ஏழ்மையை வைத்து நடிகர்கள் சேர்க்கும் வசனங்களை மட்டும் பேச்சுவார்த்தை இல்லாமல் எடுத்துவிடச் சொல்லுங்கள். சிரிப்பு வருகிறது என்பது அதற்கு நியாயம் ஆகாது.

கடைசியாக, காகிதம். தெரிந்தவர்கள்தானே என்று வாய்மொழியாகக் கொடுத்தேன். ஒரு குழு முழு நாடகத்தையும் படம்பிடித்து யூடியூபில் போட்டுவிட்டது. அடுத்த ஊரில் சாவி எங்கே இருக்கிறது என்பது முதல் பத்து வரிசைக்கும் மட்டுமில்லை, மண்டபத்து வாட்ச்மேனுக்கும் தெரிந்திருந்தது. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி மேடையேற்றும் உரிமையை எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்று ஆகிவிடும். ஒரு பக்கம் போதும்: எத்தனை காட்சிகள், எந்த ஊர்கள், காட்சிக்கு எவ்வளவு, வீடியோ உண்டா இல்லையா, திறந்த இடங்கள் மூன்று, பூட்டிய இடங்கள் நான்கு. நான் அதில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எழுதியவருக்கு ஒரு இருக்கை, கடைசி வரிசையில், ஓரமாக.